அருமண் கூடுதலான எஃப்.எஸ்.எம். வாங்கலாமா? சீனத் தடையால் சரக்கு நின்றுவிடுமா?

கோவைப் பக்கம் சிறிய பவுண்டரி நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். 500 கிலோ இன்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்து பம்ப் பாடி, வால்வு, சில டிராக்டர் பாகங்கள் என்று எஸ்.ஜி. அயர்னில், அதாவது கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பில், ஊற்றுகிறார். இதுநாள்வரை ரேர் எர்த், அதாவது அருமண் உலோகம், 0.8 சதவீதம் உள்ள ஃபெரோ சிலிக்கான் மக்னீசியம், சுருக்கமாக எஃப்.எஸ்.எம்., வாங்கிவந்தார். இப்போது டீலர் வந்து, 2.5 சதவீதம் அருமண் உள்ள சரக்கு இருக்கிறது, கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் நாடூல் (கிராஃபைட் உருண்டை) பற்றிய கவலையே வேண்டாம் என்கிறாராம். கூடவே, சீனா அருமண்ணுக்குத் தடை போட்டுவிட்டது, இனி கிடைப்பது கஷ்டம், ஆறு மாதச் சரக்கை இப்போதே இறக்கிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அருமண் கூடினால் வார்ப்பு நன்றாக வருமா என்பது ஒன்று. சரக்கு கிடைக்காது என்ற பயம் நிஜமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் ‘இல்லை’ என்ற பக்கம்தான் சாய்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் என் பேச்சை மட்டும் நம்பினால், அடுத்த டீலர் வரும்போது அவர் பேச்சையும் நம்ப வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என்னைப் பற்றி ஒரு வரி: இருபத்தெட்டு வருடம் பவுண்டரியில். முதல் ஒன்பது வருடம் மெல்டிங், பிறகு லேப், இப்போது கூப்பிடும் இடத்துக்குப் போய் ஆலோசனை. நாடூலைசர், அதாவது எஃப்.எஸ்.எம். போல் கிராஃபைட்டை உருண்டையாக்கும் சரக்கு, நான் விற்பதில்லை. பத்து டன், இருபது டன் எடையுள்ள காற்றாலை ஹப் மாதிரி வார்ப்புகளில் நேரடி அனுபவம் கிடையாது. அவற்றைப் பற்றிச் சொல்வது படித்ததும் கேட்டதும்தான்.

சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் இதழ் இதழாக இருக்கும். ஒவ்வோர் இதழும் இரும்புக்குள் ஒரு கீறல் மாதிரி. அதனால்தான் சுத்தியால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடுகிறது. அதே கிராஃபைட் உருண்டையாகிவிட்டால் கீறல் முனை இல்லை, இரும்பு வளையும், இழுபடும். உருண்டையாக்கும் வேலையைச் செய்வது மக்னீசியம். ஆனால் மக்னீசியம் சுமார் 1,090 டிகிரியில் கொதித்துவிடும். நம் லேடிலில், உருகிய இரும்பை ஏந்தும் வாளியில், உலோகம் 1,450-க்கு மேல். போதாததற்கு அதன் அடர்த்தி 1.74, உருகிய இரும்பின் அடர்த்தியோ 7-ஐ ஒட்டியது. தனி மக்னீசியத்தைப் போட்டால் மிதந்து, ஆவியாகி, கூரை வரை தீ எழும். இந்த முரட்டுத்தனத்தை அடக்கத்தான் அதை ஃபெரோ சிலிக்கானில் கரைத்துக் கட்டியாக்குகிறார்கள். சந்தையில் கிடைக்கும் எஃப்.எஸ்.எம். பெரும்பாலும் சிலிக்கான் 43 முதல் 48, மக்னீசியம் 5 முதல் 7, கால்சியம் ஒன்று அல்லது ஒன்றரை, அலுமினியம் ஒன்றை ஒட்டி, மீதி இரும்பு. அருமண் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, கேட்பவர் விருப்பம்போல.

அருமண் எப்படி உள்ளே வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1943-இல், போர்க்காலத்தில் குரோமியம் கிடைக்காமல் போக, அமெரிக்காவில் இன்கோ என்ற நிக்கல் நிறுவனத்தின் கீத் மில்லிஸ் என்பவர் அதற்கு மாற்று தேடிப் பல உலோகங்களைப் போட்டுப் பார்த்தார். அவற்றில் ஒன்றான மக்னீசியம் கிராஃபைட்டை உருண்டையாக்கியது. இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் ஹென்டன் மாரோ என்ற ஆய்வாளர் சீரியத்தை வைத்து அதே உருண்டையை எடுத்துவிட்டார். 1948 மே மாதம் பிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க வார்ப்பாளர் சங்கக் கூட்டத்தில் மாரோ தன் முறையைப் பற்றிப் பேச, இன்கோக்காரர்கள் எழுந்து தாங்கள் மக்னீசியத்தால் இதையே செய்திருப்பதாகச் சொன்னார்கள். சீரியம் அருமண் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, அருமண் என்பது மக்னீசியத்துக்குப் பின்னாளில் வந்த ஒட்டு அல்ல, ஆரம்பத்தில் போட்டியாளர். சீரியம் மட்டும் வைத்து வேலை செய்ய உலோகம் மிகச் சுத்தமாகவும் கார்பன் கூடுதலாகவும் இருக்க வேண்டியிருந்தது, அதனால் மக்னீசியம் ஜெயித்தது. தோற்றவரை உதவியாளராக வைத்துக்கொண்டோம்.

அந்த உதவியாளர் என்ன செய்கிறார்? ஆக்ஸிஜனையும் கந்தகத்தையும் மக்னீசியத்தைப்போலவே இறுக்கிப் பிடிக்கிறார். ஆனால் சீரியத்தின் கொதிநிலை 3,400 டிகிரியை ஒட்டியது என்பதால் ஆவியாகி ஓடுவதில்லை. லேடிலில் நேரம் ஆக ஆக மக்னீசியம் இறங்கிக்கொண்டே போகும், அதைத்தான் ஃபேடிங் என்கிறோம். அருமண் இருந்தால் அது கொஞ்சம் மெதுவாகிறது. கிராஃபைட் வளர விதை மாதிரி உதவும் நுண்ணிய சேர்மங்கள் உருவாகவும் கைகொடுக்கிறது, அதனால் நாடூல் எண்ணிக்கை கூடுகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமான வேலை வேறு. ஈயம், பிஸ்மத், ஆன்டிமனி, டைட்டானியம் போன்றவை துளி இருந்தாலும் உருண்டையைக் கெடுத்து மறுபடி இதழாக்கப் பார்க்கும். அவற்றின் கையைக் கட்டிப்போடுவது அருமண்தான். மக்னீசியத்தால் இதைச் செய்ய முடியாது.

இந்தக் கெடுக்கும் தனிமங்கள் எங்கிருந்து வருகின்றன? ஸ்க்ராப்பிலிருந்து. பெயின்ட் அடித்த தகடு, எனாமல் பூசிய பாத்திரம், ஈயம் கலந்த ஃப்ரீ கட்டிங் ஸ்டீல், சில பிக் அயர்னில், அதாவது தாதுவிலிருந்து எடுத்த இரும்புக் கட்டியில், வரும் டைட்டானியம். ஒருமுறை ஒரு பவுண்டரியில் மூன்று நாள் தொடர்ந்து நாடூல் மோசமாக வந்தது. மக்னீசியம் 0.045 இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலாம் நாள் ஸ்க்ராப் யார்டில் போய்ப் பார்த்தால், கண்ணுக்கு அழகான சின்னச் சின்ன ஸ்டீல் துண்டுகள், ஆட்டோமேடிக் லேத்தில் கடைசல் பிடித்த கழிவு. ஈயம் கலந்த ரகம். மலிவாகக் கிடைத்தது என்று பர்ச்சேஸ் ஆள் எடுத்துவிட்டார். அந்த மாதிரி இடத்தில் அருமண் கூடுதலான சரக்கு இருந்திருந்தால் தப்பித்திருக்கும் என்பது உண்மை. டீலர் சொல்வதில் இந்தப் பாதி சரி.

மறுபாதியைப் பார்க்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். உங்கள் ஃபர்னஸ் உலோகத்தில் கந்தகம் 0.015 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதை 0.76-ஆல் பெருக்கினால் கந்தகத்தைக் கட்ட எவ்வளவு மக்னீசியம் செலவாகும் என்பது வரும்: 0.0114. வார்ப்பில் மிஞ்ச வேண்டியது 0.04. இரண்டையும் கூட்டினால் 0.0514. சரக்கில் மக்னீசியம் 6 சதவீதம், அதில் பாதிதான் உலோகத்தில் நிற்கும் என்றால் பயனுக்கு வருவது 3. வகுத்துப் பார்த்தால் 1.7 சதவீதம் சரக்கு போட வேண்டும், 500 கிலோவுக்கு எட்டரைக் கிலோ. இப்போது அதே எட்டரைக் கிலோவில் அருமண் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 0.8 சதவீதச் சரக்கு என்றால் உலோகத்தில் 0.0136. 2.5 சதவீதச் சரக்கு என்றால் 0.0425. மூன்று மடங்கு. இங்கே கவனிக்க வேண்டியது, நீங்கள் லேடிலில் அளந்து போடுவது மக்னீசியத்துக்காக. அருமண் அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது. அதன் அளவைத் தனியாகக் குறைக்கவோ கூட்டவோ உங்களால் முடியாது. பையை வாங்கும்போதே அது முடிவாகிவிடுகிறது.

இந்த 0.0425 சதவீத அருமண் கட்டிப்போட உங்கள் ஸ்க்ராப்பில் கெடுக்கும் தனிமம் இல்லையென்றால் அது சும்மா இருக்காது. மெல்லிய சுவரில், ஆறு ஏழு மில்லிமீட்டர் இடங்களில், கார்பைடு என்ற கடினமான சேர்மம் வரும். மெஷின் ஷாப்பிலிருந்து டிரில் உடைகிறது, டேப் மாட்டிக்கொள்கிறது என்று போன் வரும். தடித்த இடத்தில் வேறு விதமாகக் கெடுக்கும். உருண்டைக்குப் பதில் கொத்துக் கொத்தாக, கிளைவிட்ட கிராஃபைட் வரும். சங்க்கி கிராஃபைட் என்பார்கள். அது வந்தால் இழுவலிமையும் இறங்கும், நீட்சி அதைவிட மோசமாக அடிவாங்கும். எஸ்.ஜி. 400/15 என்றால் 400 மெகாபாஸ்கல் வலிமை, 15 சதவீத நீட்சி. சங்க்கி வந்த இடத்தில் அந்த நீட்சி ஒற்றை இலக்கத்துக்குப் போய்விடும்.

இதில் நான் நன்றாகச் சூடுபட்டிருக்கிறேன். ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு வார்ப்பு. கஸ்டமர் கறாரானவர் என்று பயந்து, நல்ல சுத்தமான பிக் அயர்னை எழுபது சதவீதம் வரை போட்டோம். அதோடு பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று அருமண் 2 சதவீதம் உள்ள சரக்கையும் எடுத்தோம். டெஸ்ட் பார் எல்லாம் அருமையாகப் பாஸ். மெஷின் செய்தபோது குறுக்குவெட்டின் நடுவில் கறுப்பாகப் படை மாதிரி தெரிந்தது. வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நடு முழுக்கச் சங்க்கி. டெஸ்ட் பார் 25 மில்லிமீட்டர், அது சீக்கிரம் உறைந்துவிட்டதால் ஒன்றும் காட்டவில்லை. எங்கள் இரண்டு ஜாக்கிரதைகளும் சேர்ந்துதான் வார்ப்பைக் கெடுத்தன. அழுக்கே இல்லாத உலோகத்தில் அருமண்ணுக்குக் கட்டிப்போட எதுவும் இல்லை. பிறகு அருமண் மிகக் குறைந்த சரக்குக்கு மாறி, தடித்த இடத்தில் ‘சில்’ எனும், சீக்கிரம் உறையவைக்கும் உலோகத் துண்டை வைத்து, ஆன்டிமனியைக் கிராம் கணக்கில் போட்டுச் சரிசெய்தோம். ஆமாம், கெடுக்கும் தனிமம் என்று மேலே சொன்ன அதே ஆன்டிமனி. அருமண்ணும் அதுவும் ஒன்றையொன்று சமன்செய்யும்; ஒன்று மட்டும் மிகுந்தால்தான் வம்பு.

சங்க்கி ஏன் வருகிறது என்பதற்கு ஒரே விளக்கம் இதுவரை நிலைபெறவில்லை. கிராஃபைட்டைச் சுற்றி ஆஸ்டினைட் (உறையும் இரும்பு) ஓடு மூடாமல் போவதால் என்று ஒரு கட்சி, பரப்பு இழுவிசையில் வரும் மாற்றம் என்று ஒரு கட்சி. அதில் யார் சரி என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் எப்போது வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை: மெதுவாக உறையும் தடிமன், சுத்தமான சார்ஜ் (ஃபர்னஸில் போடும் இரும்பு), சிலிக்கானும் நிக்கலும் கூடுதல், சீரியம் கூடுதல். இந்த நாலும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதேபோல, அருமண்ணில் தூய லாந்தனம் மட்டும் போட்ட நாடூலைசர்கள் சுருங்கு குழியைக் குறைப்பதாக விற்கிறார்கள். சில பவுண்டரிகளில் பலன் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன், சில இடங்களில் ஒரு வித்தியாசமும் இல்லை. ரைசரையும் (உறையும்போது வார்ப்புக்கு உலோகம் ஊட்டும் தேக்கம்) மோல்டு கெட்டித்தனத்தையும் சரிசெய்யாமல் லாந்தனத்துக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம், விதி அல்ல.

உங்கள் பம்ப் பாடிக்கும் வால்வுக்கும் சுவர் பத்து முதல் இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்கும். இன்டக்‌ஷன் ஃபர்னஸ், கந்தகம் குறைவு. ஸ்க்ராப் என்ன என்று தெரிந்து வாங்குபவராக இருந்தால் 0.8 அப்படியே போதும். கலப்பு ஸ்க்ராப் தவிர்க்க முடியாது என்றால் ஒன்று, ஒன்றே கால் வரை போகலாம். 2.5 என்பது அந்தக் காலத்து குப்போலா (கோக் கரி எரிக்கும் உலை) உலோகத்துக்கு, கந்தகம் 0.08, 0.1 என்று வரும் இடத்துக்குப் பொருந்திய கணக்கு. அப்போது அருமண்ணில் பெரும்பகுதி கந்தகத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கோவையில் குப்போலாவை இறக்கிவிட்டு இன்டக்‌ஷனுக்கு மாறிய பலர், நாடூலைசர் ஆர்டரை மட்டும் மாற்ற மறந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த முடிவு எடுத்தாலும் சோதித்துப் பாருங்கள். மைக்ரோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஒவ்வொரு லேடிலின் கடைசி உலோகத்தில் ஒரு சின்ன பார் ஊற்றி வையுங்கள். முதல் உலோகத்தில் அல்ல, கடைசியில். ஃபேடிங் அங்கேதான் தெரியும். ஆறியதும் தட்டினால் எஸ்.ஜி. மணிபோல் கணீர் என்று ஒலிக்கும், சாதாரண வார்ப்பிரும்பு மொத்தென்று இருக்கும். உடைத்தால் முறிவு வெள்ளிச் சாம்பல் நிறம். உடைத்த முகத்தில் தண்ணீர் தொட்டு முகர்ந்தால் கார்பைடு விளக்கு வாசனை வரும். பழைய மேஸ்திரிகள் இதை வைத்துத்தான் லேடிலை விடலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். இதில் நாடூல் எத்தனை சதவீதம் என்றெல்லாம் தெரியாது. டிரீட்மென்ட் பிடித்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும். சங்க்கியை இந்த முறையில் பிடிக்கவே முடியாது. அதற்கு வார்ப்பையே வெட்ட வேண்டும்.

டீலரிடம் அருமண் சதவீதத்தைவிட அவசியமாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. சர்டிஃபிகேட்டில் மக்னீசியம் 6 என்று போட்டிருக்கும். அதில் எவ்வளவு உலோக மக்னீசியம், எவ்வளவு ஏற்கெனவே ஆக்ஸைடாகிப் போனது? மொத்தமாக அளந்தால் இரண்டும் சேர்ந்து வரும், ஆனால் ஆக்ஸைடு ஒரு வேலையும் செய்யாமல் ஸ்லாக்கில் (கசடில்) போய்ச் சேரும். ஆக்ஸைடு ஒரு சதவீதத்துக்குள் இருப்பதுதான் நல்ல சரக்கு. அடுத்தது அருமண் என்ன வகை: சீரியமும் லாந்தனமும் கலந்ததா, தனி லாந்தனமா, யிட்ரியமா. அடுத்தது தூள். மூட்டை அடியில் தூள் கையளவு இருந்தால் அதில் பாதி மக்னீசியம் வானத்துக்குத்தான் போகும். இவற்றுக்குப் பதில் வராவிட்டால் 2.5 என்ற எண்ணை வைத்து என்ன செய்வது?

சரி, இரண்டாம் கேள்விக்கு வருவோம். சீனா 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி ஏழு அருமண் உலோகங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது நிஜம். அவை சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம். அக்டோபரில் ஹோல்மியம், எர்பியம், தூலியம், யூரோப்பியம், இட்டெர்பியம் என்று இன்னும் ஐந்தைச் சேர்த்தார்கள். நவம்பரில் அந்தச் சேர்க்கையை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார்கள். இந்தப் பட்டியலில் சீரியத்தையும் லாந்தனத்தையும் தேடிப் பாருங்கள், இருக்காது. உங்கள் எஃப்.எஸ்.எம்.-மில் இருப்பது அவை இரண்டும்தான். செய்தியில் ‘அருமண்’ என்று பொதுப்பெயரில் வந்ததை டீலர் தன் மூட்டைக்கும் சேர்த்துப் படித்துவிட்டார். ஒரு விதிவிலக்கு உண்டு. தடித்த வார்ப்புகளுக்காக யிட்ரியம் போட்ட நாடூலைசர் சீனாவில் செய்கிறார்கள். யிட்ரியம் பட்டியலில் இருக்கிறது. அந்த ரகத்தை யாராவது வாங்கிக்கொண்டிருந்தால் அவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. பம்ப் பாடி ஊற்றும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

சீரியம் அரிது என்ற எண்ணமே பெயரால் வந்த குழப்பம். பூமியின் மேலோட்டில் அது ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. அருமண் கனிமத்தைத் தோண்டினால் கிடைப்பதில் சீரியமும் லாந்தனமும்தான் பெரும்பகுதி. மோனசைட்டில் பாதிக்கு மேல், பாஸ்ட்னசைட்டில் இன்னும் அதிகம். சுரங்கக்காரர்களுக்குக் காசு தருவதோ காந்தத்துக்குப் போகும் நியோடிமியமும் பிரசியோடிமியமும். மின்சார வாகனம் பெருகப் பெருக நியோடிமியத்துக்காகத் தோண்டுகிறார்கள், கூடவே வேண்டாத விருந்தாளியாகச் சீரியம் குவிகிறது. முன்பெல்லாம் பவுண்டரிக்கு வரும் கலவை அருமண்ணில் நியோடிமியமும் பதினைந்து சதவீதம்போல இருந்தது. இப்போது அதை உருவிக்கொண்டு மீதியை நமக்குத் தருகிறார்கள். நமக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் ‘ஒருபோதும் தட்டுப்பாடு வராது’ என்றும் நான் எழுதித் தர மாட்டேன். 2010 ஜூலையில் சீனா அருமண் ஏற்றுமதி ஒதுக்கீட்டை வெட்டியபோது எந்தத் தனிமம் என்று பார்க்காமல் மொத்தமாக வெட்டியது. அடுத்த வருடமே சீரியம் ஆக்ஸைடு விலை இருபது மடங்குக்கு மேல் போனது. அப்போது உலகம் முழுக்க பவுண்டரிகள் அருமண் குறைந்த, அருமண்ணே இல்லாத நாடூலைசர்களுக்கு மாறின. மாறிய பலர் விலை இறங்கியபின்னும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, ஏனென்றால் தேவைப்படவில்லை. தட்டுப்பாடு வந்து பாடம் சொன்னது: அதுவரை பழக்கத்தால்தான் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

உண்மையாகவே கண்ணை வைக்க வேண்டிய இடம் மக்னீசியம். உலகின் புதிய மக்னீசியத்தில் பத்தில் எட்டரைப் பங்குக்குமேல் சீனாவில் வருகிறது, அதிலும் பெரும்பகுதி ஷான்சி மாகாணத்து யூலின் வட்டாரத்தில், ஃபுகு என்ற ஒரே மாவட்டத்தைச் சுற்றி. சுட்ட டாலமைட்டையும் ஃபெரோ சிலிக்கானையும் குழாய்க்குள் வைத்து, வெற்றிடத்தில் 1,200 டிகிரிக்குச் சூடாக்கி, ஆவியாக வரும் மக்னீசியத்தைப் பிடிக்கிறார்கள். 2021 செப்டம்பரில் மின்சக்திக் கட்டுப்பாட்டின் பெயரில் அந்த வட்டாரத்தில் சுமார் ஐம்பது ஆலைகளில் முப்பத்தைந்தை வருடக் கடைசி வரை மூடச் சொன்னார்கள், மற்றவற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஐரோப்பாவில் கார் தொழில் அலறியது. இங்கே எஃப்.எஸ்.எம். விலை வாரத்துக்கு ஒருமுறை மாறியதை உங்கள் அப்பாவோ கணக்குப்பிள்ளையோ நினைவு வைத்திருப்பார்கள். அன்று யாரும் சீரியத்தைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மக்னீசியம் எடுக்கவே ஃபெரோ சிலிக்கான் வேண்டும், ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒரு டன். எஃப்.எஸ்.எம்.-மின் மீதி உடம்பும் ஃபெரோ சிலிக்கான்தான். ஃபெரோ சிலிக்கான் டன்னுக்கு எட்டாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும். அதனால்தான் நமக்கு அது பூட்டானிலிருந்தும் மேகாலயா பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆக நீங்கள் வாங்கும் மூட்டை பாதிக்குமேல் கட்டியான மின்சாரம். விலை ஏறுமா என்று தெரிந்துகொள்ள அருமண் செய்தி வேண்டாம். மக்னீசியம் இங்காட் விலையையும் ஃபெரோ சிலிக்கான் விலையையும் மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். டீலர் சொல்லும் ஏற்றம் இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போகாவிட்டால் பேரம் பேசலாம்.

சேலத்தில் மக்னசைட் மலையே இருக்கிறதே, இங்கேயே மக்னீசியம் எடுக்கக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள். கஞ்சமலைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைக் கல்லில் மக்னீசியம் இருப்பது சரிதான். ஆனால் அதை நன்றாகச் சுட்டு, உலைகளுக்கான செங்கல் செய்யத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கல்லிலிருந்து உலோகத்தைப் பிரிக்க ஆகும் சூடும் மின்சாரமும்தான் செலவு. கல் விலை அதில் ஒரு மூலை. அருமண் பக்கம் நம் கை சும்மா இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கரைமணலிலிருந்து மோனசைட்டைப் பிரிக்கிறது, கேரளத்தில் ஆலுவாவில் அருமண் ஆலை 1952 முதல் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் எட்டு ஒன்பது சதவீதம் இருப்பதால் அது அணுசக்தித் துறையின் பிடியில் இருக்கிறது, தனியார் யாரும் அள்ளி விற்க முடியாது. அதனால் அளவு பெரிதாக வளரவில்லை. இருந்தாலும், பவுண்டரிகள் கேட்கும் துளிச் சீரியத்துக்கு அதுவே ஒரு பிடிமானம்.

கடைசியாக ஆறு மாதச் சரக்கு. வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை, எஃப்.எஸ்.எம். ஈரம் தாங்காது. கோவையில் ஆடி, ஐப்பசிக் காற்றில் ஷெட்டில் கிடக்கும் மூட்டை மெல்ல மெல்லப் பொடியும். மக்னீசியம் ஆக்ஸைடாகும், நான் மேலே சொன்ன அந்த உதவாத ஆக்ஸைடு. ஈரம் ஏறிய கட்டி வார்ப்பில் ஹைட்ரஜன் பின்ஹோல் எனும் ஊசித் துளைகளைக் கொண்டுவரும். அதைவிட மோசம், லேடில் அடியில் ஈரச் சரக்கு இருந்து மேலே உலோகம் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். தரையில் படாமல் மரப்பலகை மேல், ஃபர்னஸ் பக்கத்துச் சூடான சுவரை ஒட்டி, மூட்டை மேல் வந்த தேதியைச் சாக்பீஸில் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். திறந்த மூட்டையை அன்றே தீர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள். அடைத்துக் கிடந்த அறையைத் திறந்ததும் பூண்டு நாற்றமோ கார்பைடு நாற்றமோ வந்தால் உள்ளே போய் நிற்க வேண்டாம். அது ஈரம் பட்ட சரக்கிலிருந்து வரும் வாயு, விஷமும்கூட. கதவு ஜன்னலைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டபிறகு, அந்த மூட்டைகளைத் தனியாக எடுத்து வைத்து, லேடில் பக்கமே கொண்டுபோகாமல் டீலருக்குத் திருப்பி அனுப்புங்கள்.